இசைமேதை ஜி. இராமநாதன்

கொள்ளிடத்தின் தென்கரையில் திருவரங்கம். ஆற்றைக் கடந்தால் வடகரையில் பிச்சாண்டார் கோயில். திருச்சிராப்பள்ளியை அடுத்த அச்சிற்றூரில் பிறந்தவரே, தமிழ்த் திரையிசையில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கோலோச்சிய ஜி. இராமநாதன். இவருடைய தமையனார் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபக் கலைஞர். அவருக்கு ஆர்மோனியம் வாசித்தே இராமநாதன் இசையுலகில் அடியெடுத்து வைத்தார். கதை சொல்பவரின் சொல் அமிழ்ந்துவிடாமல் சுருதி கூட்டும் பயிற்சி அது. பெரிய வாத்தியக் குழுக்களை நடத்திய நாளிலும் அப்பயிற்சி அவரை விட்டு அகலவில்லை.

'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) ஆகிய படங்களில் பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு வாத்திய இசையை ஒழுங்கு செய்தவர் இவரே. பாடியவரோ திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர். சென்னை பிராட்வே திரையரங்கில் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. இசைத்தட்டுகள் பட்டிதொட்டியெங்கும் சுழன்றன. கேட்டோர் அவற்றைப் பாகவதர் பாட்டு என்றே போற்றினர். பின்னணியில் நின்றவரை எண்ணியோர் சிலரே.

இராமநாதனின் ஆற்றலுக்குச் சாருகேசி இராகம் ஒன்றே சான்று. 'ஹரிதாஸ்' படத்தில் அது இன்பக் களிப்பைப் பாடிற்று. 'மதுரை வீரன்' (1956) படத்தில் எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் ஆலவாய் இறைவனின் திருவிளையாடலைச் சொல்லும் நாட்டியப் பாடலாயிற்று. 'சாரங்கதரா' (1958) படத்தில் டி.எம். சௌந்தரராஜனின் குரலில் காதலாய்க் குழைந்தது. இராக இலக்கணம் அறியாதவரும் இம்மூன்றையும் முணுமுணுத்தனர்.

மரபோடு அவர் நின்றுவிடவில்லை. 'மந்திரி குமாரி' (1950) படத்தில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையுச்சிக் காட்சிப் பாடல், இனிமைக்குள் அச்சத்தை ஒளித்து வைத்தது. 'தூக்குத் தூக்கி' (1954) படத்தில் சிவாஜி கணேசனுக்குச் சௌந்தரராஜனைப் பாடவைத்தார். அவ்விணை பல்லாண்டு நிலைத்தது. 1940-இலும் 1958-இலும் வெளிவந்த இரு 'உத்தமபுத்திரன்' படங்களுக்கும் இசை இவரே. பின்னதில் மேனாட்டு ஆட்டத் தாளமும் இடம் பெற்றது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) இசைக்காக 1960-இல் கெய்ரோ ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் விருது கிடைத்தது.

கவிஞர்கள் இவரை நினைவுகூரத் தனிக் காரணம் 'கப்பலோட்டிய தமிழன்' (1961). அதன் பாடல்கள் யாவும் பாரதியாரின் கவிதைகள். மெட்டுக்கேற்பச் சொல்லை மாற்றித் தரக் கவிஞர் இல்லை. சொல்லுக்கு மெட்டுத்தான் வளைந்து கொடுக்க வேண்டும். சீர்காழி கோவிந்தராஜன், பி. சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ் முதலியோர் பாடிய அப்பாடல்களில் ஒரு சீரும் சிதையவில்லை. ஏட்டில் பாரதியைப் படித்திராத எண்ணற்றோர் செவி வழியே அவரை அடைந்தனர்.

1963 நவம்பரில் கோவையில் இராமநாதன் மறைந்தார். பாடல்கள் பாடகர் பெயராலும் நடிகர் பெயராலும் வழங்கி வருகின்றன. அவற்றின் சொற்கள் தெளிவாய்க் கேட்கும்படி வாத்தியங்களை அடக்கி வைத்தவரின் பெயரையும் உடன் சொல்வது, சொல்லை நம்பி வாழும் கவிஞர்கள் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.