குழந்தைகள் இல்லம் கண்ட மாண்டிசோரி அம்மையார்

ஆண்டுதோறும் பெற்றோர் சிலர் நம்மை நாடி வந்து, தம் பிள்ளையை எந்தப் பாலர் பள்ளியில் சேர்க்கலாம் என்று வினவுவது வழக்கம். கட்டடம் புதியதா, ஆங்கிலம் உண்டா, ஆறு வயதிற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடுமா என்பனவே அவர்கள் முதலில் உசாவுவன. விடை கூறுமுன் ஓர் அம்மையாரின் வரலாற்றை நாம் எடுத்துரைப்பதுண்டு. அதனையே இம்மலரிலும் எழுதலானோம்.

மரியா மாண்டிசோரி, இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அரசாங்க ஊழியர். மகள் ஆசிரியை ஆகவேண்டும் என்பது அவர் விருப்பம். மகளோ அத்தொழிலைத் தவிர வேறெதுவாயினும் சரியென்று நின்றார்! பிற்காலத்தில் உலகத்து ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியையாக விளங்கியவர் இளமையில் இவ்வாறு நின்றதை எண்ணும்போது நமக்குப் புன்னகை வருகிறது. தந்தையின் மனத்தாங்கலையும் பொருட்படுத்தாது அவர் மருத்துவம் பயின்றார். ஆண்களோடு சேர்ந்து பிணம் அறுத்துப் பயிலுதல் பெண்ணுக்குத் தகாது என்றனர். ஆகவே மாலையில் தனியே இருந்து பயின்றார். 1896ஆம் ஆண்டில் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை அக்காலத்தில் மனநோயாளர் விடுதியில் அடைத்து வைத்திருந்தனர். அவர்களுக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று, கைகளால் தொட்டுச் செய்யும் வேலை என்று அம்மையார் உணர்ந்தார். ஈத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைக் கற்று, அவ்வழியில் அப்பிள்ளைகளைப் பயிற்றினார். அவர்களுள் சிலர் மற்றப் பிள்ளைகளுக்குரிய தேர்விலேயே தேறினர். ஊரார் வியந்து போற்றினர். அம்மையாருக்கோ வேறு கவலை பிறந்தது. குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு தேறும்போது, குறையற்ற பிள்ளைகள் பள்ளியில் ஏன் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர் என்பதே அக்கவலை.

ஒன்றை இங்கு மறைக்காமல் கூறவேண்டும். 1898ஆம் ஆண்டில் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். அம்மையார் மணமாகாதவர். அந்நாளைய சமூகத்தின் கடுமைக்கு அஞ்சி, மகனை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர விட்டார். அவ்வப்போது சென்று பார்ப்பார், தாயென்று சொல்லிக்கொள்ளமாட்டார். பிள்ளையைப் பிறர் கையில் விட்டுத் திரும்பும் துயரம் அவர் அறியாததன்று.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைக் கெடுத்தனர். சுவருக்கு வெள்ளையடிப்பதைவிடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதே மலிவு என்று கட்டட உரிமையாளர் கணக்கிட்டு, அப்பொறுப்பை அம்மையாரிடம் தந்தனர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால் வெட்டச் சென்ற நம் தாய்மார்க்கு அந்நிலையை விளக்க வேண்டுவதில்லை.

அங்கே ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள் இருந்தனர். அழுக்குடையும் அச்சமுமாக வந்தனர். பிள்ளைகள் தாமே தூக்கி வைக்கத்தக்க சிறு மேசைகளையும் நாற்காலிகளையும், கைக்கெட்டும் தாழ்ந்த அலமாரிகளையும் அம்மையார் செய்வித்தார். பின்னர் அடக்கியாளாமல் கூர்ந்து நோக்கினார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தனர். சுற்றி நின்று மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தனர். அவள் நிமிர்ந்தும் பாராது நாற்பதுக்கு மேற்பட்ட முறை அதையே செய்து, பின் தூங்கி எழுந்தவளைப் போல் மகிழ்ந்து எழுந்தாள். செல்வர்கள் அளித்த அழகிய பொம்மைகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

எழுத்துக் கற்பிக்க அம்மையார் முதலில் எண்ணவில்லை. எழுத்தறியாத தாய்மார்களே வந்து வேண்டினர். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவச் செய்தார். சில திங்கள் கழிந்தன. மொட்டை மாடியில் புகைபோக்கியை வரையச் சொன்ன ஐந்து வயதுச் சிறுவன், வரைந்து முடித்ததும் தன்னால் எழுத முடிகிறது என்று கூவியவாறே தரையெங்கும் சொற்களை எழுதத் தொடங்கிவிட்டான். வற்புறுத்தியவர் எவருமில்லை.

அவ்வில்லத்திற்குக் கட்டணம் இல்லை, விதிகள் உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூய உடையில் அனுப்பவேண்டும். வாரம் ஒருமுறையேனும் தாய் வந்து ஆசிரியையுடன் பேசவேண்டும். இல்லம் குடியிருப்பிலேயே இருந்தமையால் தாய்மார் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம். நம்மை நாடி வரும் பெற்றோரிடம் இப்பகுதியை வலியுறுத்திக் கூறுவோம். அரைமணி நேரம் அமர்ந்து பார்க்க விடாத பாலர் பள்ளி எவ்வளவு பளபளப்பாக இருப்பினும் நமக்கு ஐயமே. குழந்தை தானே நீர் ஊற்றிக் குடிக்கிறதா, தொடங்கிய வேலையை முடிக்க விடுகிறார்களா, ஆசிரியை குனிந்து அதன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். சுவரில் தொங்கும் அரிச்சுவடிப் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மையாரின் புகழ் நாடெங்கும் பரவியது. 1912ஆம் ஆண்டில் தம் தாயார் மறைந்த பின்னரே மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். ஆயினும் ஊரறிய மகன் என்று கூறவில்லை. முசோலினியின் ஆட்சியில் இத்தாலியிலிருந்த அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. 1939ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையார் அழைக்க, தாயும் மகனும் சென்னை அடையாறு வந்து முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தனர். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. பகை நாட்டவரென்று ஆங்கில அரசு மரியோவைச் சிறைமுகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று அவரை விடுவித்து அரசு அனுப்பிய தந்தியில், பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பித் தருவதாகக் கண்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் வெளியில் சொல்லாத சொல்லை அரசாங்கமே எழுதிவிட்டது.

போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கோடைக்கானலில் தங்கி, மலைச்சாரலின் செடிகளையும் பூச்சிகளையும் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் அமைத்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டின் கடற்கரையூர் ஒன்றில் காலமானார். பிறர் வீட்டில் வளர்ந்த மரியோ, 1982ஆம் ஆண்டில் தாம் மறையும் வரை தாயின் பணியை நடத்தி வந்தார்.