பாப்வா சியூகோலம்: வென்றவரை மழையில் நிறுத்திய போட்டி

கோல்ஃப் விளையாட்டில் ‘ஓபன்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. தொழிலாக ஆடுபவர், பொழுதுபோக்காக ஆடுபவர் என்ற பாகுபாடின்றி, தகுதியுள்ள எவரும் பங்கேற்கலாம் என்பதே அதன் பொருள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் நடத்தப்பட்ட ‘நேட்டால் ஓபன்’ என்ற போட்டியும் அந்தப் பெயரையே தாங்கி நின்றது. பாபி லாக், கேரி பிளேயர் போன்ற உலகப் புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர்கள் வென்ற போட்டி அது. 1963 ஜனவரியில் டர்பன் கன்ட்ரி கிளப் திடலில் நடந்த அப்போட்டியை, எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட, பிறர் பையைச் சுமந்து பிழைத்த ஓர் இந்திய வம்சாவளித் தொழிலாளி வென்றார். அவர் பெயர் சியூசங்கர் சியூகோலம். மக்கள் அவரைப் பாப்வா என்று அழைத்தனர்.

திறமை இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று நமக்கு ஓயாமல் உபதேசிக்கப்படுகிறது. கல்லூரி வளாகங்களில் இட ஒதுக்கீட்டுக்கு எதிராக முதலில் எழுப்பப்படும் வாதமும் இதுவே. அந்த வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்திச் சோதிக்க விரும்புவோர் பாப்வாவின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

கரும்புத் தோட்டத்திலிருந்து கோல்ஃப் திடலுக்கு

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுசென்ற முதல் கப்பல் அது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர். ஏனையோர் கல்கத்தா வழியே சென்ற வடஇந்தியர். நிலமற்றவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அந்தக் கப்பல்களில் திரளாக இருந்தனர். பாப்வாவின் முன்னோரும் இத்தகைய ஒப்பந்தத் தொழிலாளர்களே. சிவசங்கர் என்னும் வடஇந்தியப் பெயரே ஆங்கில எழுத்தில் சியூசங்கர் எனத் திரிந்தது எனலாம்.

1920களின் இறுதியில், டர்பன் நகருக்கு வடக்கே உம்கேனி ஆற்றங்கரையில் உள்ள ரிவர்சைட் என்ற இடத்தில், வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அருகிலிருந்த பீச்வுட் கோல்ஃப் திடல் வெள்ளையருக்கானது. இந்தியச் சிறுவர்கள் அங்கே ‘கேடி’ வேலைக்கு, அதாவது ஆட்டக்காரரின் கோல்பையைச் சுமந்து உடன் நடக்கும் கூலிவேலைக்கு, மட்டுமே நுழைய முடிந்தது. பாப்வாவும் அப்படித்தான் நுழைந்தார். மரக்கிளையை வெட்டிச் செய்த கோலால் பந்தடித்துப் பழகினார்.

கற்றுக்கொடுக்க எவரும் இல்லாததால் அவருடைய கைப்பிடி விநோதமாக அமைந்தது. வலக்கைப் பழக்கமுள்ள ஆட்டக்காரர் கோலின் மேற்பகுதியை இடக்கையாலும் அதற்குக் கீழே வலக்கையாலும் பற்றுவது வழக்கம். பாப்வா வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்துப் பிடித்தார். பயிற்சியாளர்கள் முதல் நாளிலேயே திருத்தும் பிழை அது. அந்தப் பிடியுடன்தான் அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆடினார். பின்னாளில் கோல்ஃப் உலகம் அதற்கு அவருடைய பெயரையே சூட்டியது.

வெள்ளையரல்லாதோருக்கென ஒதுக்கப்பட்ட போட்டிகளில் அவர் திரும்பத் திரும்ப வென்றார். ஆனால், அந்த வெற்றிகள் சோறு போடவில்லை. டர்பனில் கிரகாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர் நடத்திய தொழிற்சாலையில் அவர் வேலை செய்தார். இன்று உலகெங்கும் ‘ஓலே’ என்ற பெயரில் விற்கப்படும் முகப்பூச்சை உருவாக்கியவர் இந்த வுல்ஃப். தம் தொழிலாளியின் ஆற்றலைக் கண்ட அவர் 1959-இல் பாப்வாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த ஆண்டிலேயே பாப்வா டச்சு ஓபன் பட்டத்தை வென்றார். 1912-இல் தொடங்கிய பழமையான போட்டி அது. 1960-இல் மீண்டும் வென்றார்; 1964-இல் மூன்றாம் முறையும் வென்றார். 1963-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபனில் 13-ஆம் இடத்தைப் பெற்றார். நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் அவர் மற்ற ஆட்டக்காரர்களோடு ஒரே திடலில், ஒரே விதிகளின்கீழ் ஆடினார். சொந்த நாட்டில் வெள்ளையரோடு ஆடுவதற்கோ அவருக்கு அரசின் தனி அனுமதி தேவைப்பட்டது.

கூரையும் மழையும்

நிறவெறி ஆட்சியின் சட்டங்கள் எவ்வாறு இயங்கின என்பதை நாம் சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், எந்த நிலத்தில் எந்த இனத்தவர் வாழலாம், எந்தக் கட்டடத்தை எவர் பயன்படுத்தலாம் என்பதை வரையறுத்தது. வெள்ளையருக்கான இடத்தில் இந்தியரை விருந்தினராக ஏற்பதை அச்சட்டமும் மது விற்பனைச் சட்டங்களும் தடுத்தன. ஆகவே, திடலில் பந்தை அடிக்கப் பாப்வாவுக்கு அனுமதி கிடைத்தாலும், அத்திடலை ஒட்டிய கிளப் கட்டடத்தில் உடை மாற்றவோ, உணவருந்தவோ, மற்ற ஆட்டக்காரர்களோடு அமரவோ அனுமதி இல்லை.

1963 நேட்டால் ஓபனில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்களை அவர் வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை பெய்தது. வெள்ளையர்கள் கிளப் கட்டடத்தின் கூரைக்கடியில் இருந்தனர். வெற்றியாளர் வெளியே மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார்.

நேட்டாலின் வெள்ளையர் கிளப்புகளில் பரிமாறுபவர்களாகவும் சமையற்கூடத்திலும் இந்தியர்கள் காலங்காலமாக வேலை செய்துவந்தனர் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறோம். தட்டேந்திப் பரிமாறும் இந்தியர் அதே கூரைக்குள் தடையின்றி நடமாடினார். கோப்பையை வென்ற இந்தியர்தான் உள்ளே வரக்கூடாது. நிறத்தின் அருவருப்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், பணியாளரும் வெளியே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த ஆட்சி தடுக்க விரும்பியது உடலின் நெருக்கத்தை அல்ல, சமமாக அமர்வதை. வயலில் விளைவித்த நெல்லை வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டு, விளைவித்தவரை வாசலில் நிறுத்தும் ஊர்களிலிருந்து வந்த நமக்கு இந்த ஏற்பாட்டை எவரும் விளக்கிச்சொல்லத் தேவையில்லை.

கோல்ஃப் ஆட்டத்தில் ஒருவர் மற்றவரைத் தொடுவதில்லை; ஒருவர் பந்தை மற்றவர் அடிப்பதில்லை. குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் சேர்ப்பவர் வென்றவர். நடுவரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடம் குறைவு. எனவே பாப்வாவின் திறமையை மறுக்க எவராலும் இயலவில்லை. அதை ஒப்புக்கொண்டுதான் அவரை வெளியே நிறுத்தினர்.

அந்த மழைக்காட்சியின் புகைப்படம் உலக நாளிதழ்களில் வெளியானது. தென்னாப்பிரிக்க விளையாட்டில் இனவெறி இல்லை என்று அந்நாட்டு அரசு வெளியுலகுக்குக் கூறிவந்த காலம் அது. கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் முதலானோர் விளையாட்டில் இனப்பாகுபாட்டை எதிர்த்து அமைப்பு கட்டிப் போராடிக்கொண்டிருந்தனர். அவர்கள் சொல்லிவந்ததை ஒரே படம் உலகுக்குக் காட்டிவிட்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து தென்னாப்பிரிக்கா விலக்கிவைக்கப்பட்டது. 1970-இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. பாப்வா மேடையேறி முழங்கிய அரசியல்வாதி அல்லர். எனினும், விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்தின் முகங்களில் ஒன்றாக அவர் ஆனார்.

வெற்றிக்குக் கிடைத்த தண்டனை

1965-இல் பாப்வா நேட்டால் ஓபனை இரண்டாம் முறையாக வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர்களுள் கேரி பிளேயரும் ஒருவர். அதே ஆண்டு அமெரிக்க ஓபனை வென்று, கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்ற மூன்றாம் ஆட்டக்காரர் என்ற பெருமையை அடைந்தவர் பிளேயர். உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஒருவரை, கேடியாக இருந்த ஓர் இந்தியர் வென்றது வெள்ளை ஆட்சிக்குப் பொறுக்கவில்லை.

இனங்கள் கலந்து விளையாடுவதற்கும் பார்வையிடுவதற்கும் இருந்த கட்டுப்பாடுகளை 1965-இல் அரசு மேலும் இறுக்கியது. பாப்வாவுக்கு உள்நாட்டின் பெரும் போட்டிகளில் ஆடும் அனுமதி மறுக்கப்பட்டது. வெளிநாட்டில் ஆட இயலாதபடி பாஸ்போர்ட்டும் பறிக்கப்பட்டது. ஆற்றலின் உச்சத்தில், முப்பதுகளின் நடுவில் இருந்த ஒரு மனிதரின் தொழில் இவ்வாறு முடக்கப்பட்டது. 1966-இல் வெளியான தம் நூலில் பிளேயர் நிறவெறிக் கொள்கைக்கு ஆதரவாக எழுதினார். பிற்காலத்தில் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டார். கருத்தை மாற்றிக்கொள்ளவும், தொடர்ந்து ஆடவும், வெல்லவும் அவருக்கு நீண்ட காலம் கிடைத்தது. பாப்வாவுக்கு அது கிடைக்கவில்லை.

அவர் பிறந்த ரிவர்சைட் பகுதியும் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த இந்தியர்கள் அகற்றப்பட்டனர். 1978-இல், ஐம்பது வயதை எட்டுவதற்கு முன்பே, பாப்வா மாரடைப்பால் இறந்தார். இறக்கும்போது வறுமையில் இருந்தார்.

தோற்றுக்கொண்டிருந்த வரையில் பாப்வாவைப் போன்றோரை அந்த ஆட்சி பொறுத்துக்கொண்டது. முதன்முறை வென்றபோது கூரையை மறுத்தது. இரண்டாம் முறை வென்றபோது திடலையே மறுத்தது. அவருடைய திறமை வளர வளரத் தடையும் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. ஆதிக்கம் தன் கூற்றுக்கு எதிரான சான்றைக் கண்டால், கூற்றைத் திருத்துவதைவிடச் சான்றை அழிப்பதையே எளிதாகக் கருதுகிறது. ஆகவேதான் தனிமனிதத் திறமையை விடுதலைக்கான வழியாக முன்வைக்கும் பேச்சை நாம் ஏற்க மறுக்கிறோம். டர்பன் கிளப்பின் கதவு பாப்வாவின் கோல் திறந்த கதவு அன்று. பல்லாண்டுப் போராட்டங்களும், சிறைகளும், உலகளாவிய புறக்கணிப்பும் சேர்ந்து அந்தச் சட்டங்களை வீழ்த்திய பிறகே அது திறந்தது.

கிறிஸ்டோபர் நிக்கல்சன் 2005-இல் ஆங்கிலத்தில் எழுதிய பாப்வாவின் வாழ்க்கை வரலாற்று நூல் தலைப்பில் ‘பறையா’ என்ற சொல்லைத் தாங்கியுள்ளது. சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலம் அச்சொல்லை ஆள்கிறது. பறை என்னும் இசைக்கருவியையும் அதன் பெயரால் அறியப்பட்ட மக்களையும் குறித்த தமிழ்ச்சொல், காலனியக் காலத்தில் ஐரோப்பிய மொழிகளுக்குள் சென்று அவ்வாறு இழிபொருள் பெற்றது. ஒரு மக்களின் பெயர் ஆங்கில அகராதியில் விலக்கலுக்குப் பொதுப்பெயராக நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் மழையில் நின்ற மனிதரை விவரிக்கவும் அதே சொல் தேவைப்பட்டிருக்கிறது. இவ்விரண்டு வரலாறுகளுக்கும் உள்ள உறவு அந்த ஒரு சொல்லிலேயே பதிந்திருக்கிறது. அச்சொல்லை இன்றும் ஆங்கில நாளிதழ்கள் தயக்கமின்றி அச்சிடுவதை நம் மாணவத் தோழர்கள் கேள்விக்குட்படுத்த வேண்டும்.

டர்பன் நகரில் உம்கேனி ஆற்றை ஒட்டிய பொதுக் கோல்ஃப் திடல் ஒன்று இன்று பாப்வா சியூகோலத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கே எந்த நிறத்தவரும் ஆடலாம். ஆடி முடித்தபின் ஒரே கூரைக்கடியில் அமரலாம்.