மலையைக் கொடுத்துக் காத்த மாவோரித் தலைவர்

தமக்கென வைத்துக்கொண்டு காத்தவர் பலர். கொடுத்துக் காத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் நியூசிலாந்து நாட்டின் மாவோரித் தலைவர் ஹோரோநூகு தே ஹெவுஹெவு. அவருடைய வாழ்வை நாம் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

நியூசிலாந்தின் வடதீவு நடுவே டௌபோ என்னும் பேரேரி உள்ளது. அதன் தெற்கே டோங்காரிரோ, நவுருஹோயே, ருவாபெஹூ என்னும் மூன்று எரிமலைகள் ஓங்கி நிற்கின்றன. அங்கு வாழும் தூஃபாரெதோவா குலத்தாருக்கு அவை வெறும் கல்லும் மண்ணும் அல்ல, அவர்களுடைய முன்னோர்கள்.

வழிவழியாக அவர்கள் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. படகேறிக் கடல் கடந்து வந்த நாதோரோய்ராங்கி என்னும் பூசாரி டோங்காரிரோ மலைமீது ஏறினார். கடுங்குளிரில் உயிர் போகும் நிலை வந்தது. தொலைவில், தாயகத்தில் இருந்த தம் சகோதரிகளிடம் நெருப்பு அனுப்புமாறு வேண்டினார். அந்நெருப்பு கடலுக்கடியிலும் நிலத்துக்கடியிலும் விரைந்து வந்து, மலையுச்சியில் வெடித்தெழுந்து அவரைக் காத்ததாம். வழியில் அது தலைகாட்டிய இடங்களில்தான் வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கின்றன என்பர். அப்பகுதியின் எரிமலைகளும் வெந்நீர் ஊற்றுகளும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதை நிலவியலும் கூறுகிறது. கதைக்குள் எத்துணை அறிவு பொதிந்துள்ளது, பாருங்கள்!

1846ஆம் ஆண்டு ஏரிக்கரையில் ஏற்பட்ட பெரும் மண்சரிவில் ஹோரோநூகுவின் தந்தை தம் மக்கள் பலருடன் புதையுண்டு மாண்டார். ஹோரோநூகு என்ற சொல்லுக்கே மண்சரிவு என்பது பொருள். அத்துயரத்தின் நினைவாகவே அப்பெயர் அவருக்கு அமைந்தது. பின்னர், 1862இல் சிற்றப்பா மறைந்தபின் அவர் குலத்தலைவரானார்.

அக்காலத்தில் நியூசிலாந்துக் குடியேற்ற அரசு நில நீதிமன்றம் ஒன்றை நடத்தியது. குலம் முழுவதற்கும் பொதுவாயிருந்த நிலத்தை அது தனித்தனி ஆட்களின் பெயரில் எழுதியது. தனியாள் கைக்குப் போன நிலம் எளிதில் விலை போயிற்று. 1886இல் அந்நீதிமன்றம் டௌபோவிலும் கூடியது. முன்னோரான மலைகளைத் துண்டு போட்டு விற்பதா? தலைவர் நெஞ்சம் பதறினார்.

நெடிது சிந்தித்த அவர், 1887 செப்டம்பர் 23ஆம் நாள் மலைச்சிகரங்களை விக்டோரியா அரசியாரிடம் கொடையாக ஒப்படைத்தார். எவரும் வாங்கவோ விற்கவோ இயலாதபடி அவை என்றும் புனிதமாக நிலைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். மறு ஆண்டே அவர் காலமானார். 1894இல் சட்டம் இயற்றப்பட்டு, அச்சிகரங்களை நடுவாகக் கொண்டு நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா உருவாயிற்று. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர். 1990இல் இயற்கை அழகுக்காகவும், 1993இல் மக்களுக்கும் மலைக்கும் உள்ள உறவுக்காகவும் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஆனால், கொடை என்றதும் அரசு மலைகளைத் தன் உடைமை ஆக்கிக்கொண்டது. தலைவர் எண்ணியதோ அதுவன்று. அரசும் குலமும் கூட்டாகக் காவல் புரிய வேண்டும் என்பதே. வைதாங்கி தீர்ப்பாயம் இதனை 2013இல் எடுத்துரைத்தது. கொடுத்தவரின் கருத்தை அறிவது பெற்றவரின் கடமையன்றோ?

மலையை உறவாக எண்ணியவர் அதை விலைபேசவில்லை. நம் ஊர்க் குன்றையும் குளத்தையும் நாமும் உறவாக எண்ணினால், அவற்றைக் காக்க வேறு காவலர் வேண்டுமோ? தோழியரே, நம் பாட்டிமார் சொல்லும் ஊர்க்கதைகளைக் கேட்டு வைப்போம். அவற்றில் வரும் நிலத்தையும் நீரையும் பேணுவோம்!