குலீல்மோ மார்க்கோனி

குலீல்மோ மார்க்கோனி (ஏப்ரல் 25, 1874 – ஜூலை 20, 1937) கம்பியில்லாத் தந்தியை நடைமுறைக்குக் கொண்டுவந்த இத்தாலியக் கண்டுபிடிப்பாளர் ஆவார். 1909 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசை கார்ல் பெர்டினண்ட் பிரௌனுடன் பகிர்ந்துகொண்டார். கம்பியில்லாத் தொடர்பின் பாதுகாப்புக் குறித்த தொடக்ககால விவாதம் ஒன்று இவரது கருவிகளை முன்னிட்டே எழுந்தது.

இளமை

இவர் பொலோனியா நகரில் பிறந்தார். தந்தை நிலவுடைமையாளர், தாய் ஆனி ஜேம்சன் அயர்லாந்தைச் சேர்ந்தவர். 1895 இல் பொந்தேக்கியோவில் இருந்த குடும்ப மாளிகையில் சோதனைகள் நடத்தி, ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவுக்குக் கம்பியின்றிச் சைகை அனுப்பினார். 1896 இல் இங்கிலாந்து சென்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அங்கு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

அதிர்வெண் இசைவு

தொடக்ககாலப் பொறி அலைபரப்பிகளின் அலைகள் பல அதிர்வெண்களில் பரவியதால், அருகருகே இயங்கிய நிலையங்களின் செய்திகள் கலந்துபோயின. இதற்குத் தீர்வாக, அலைபரப்பியையும் அலைவாங்கியையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கும் முறைக்கு 1900 இல் 7777 என்ற எண்ணுள்ள பிரித்தானியக் காப்புரிமையை மார்க்கோனி பெற்றார். இவ்வாறு அனுப்பும் செய்தியைப் பிறர் ஒட்டுக்கேட்க இயலாது என்றும் அவர் கூறிவந்தார். டிசம்பர் 12, 1901 அன்று இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வந்த சைகையை அத்திலாந்திக்கின் மறுகரையில் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார்.

1903 ஆம் ஆண்டு நிகழ்வு

கம்பியில்லாத் தந்தி, கடலடித் தந்திவட நிறுவனங்களுக்குப் போட்டியானது. அவற்றுள் ஒன்றான ஈஸ்டர்ன் டெலிகிராப் நிறுவனத்திற்காக, மாயவித்தைக் கலைஞர் நெவில் மாஸ்கெலின் 1902 இல் கார்ன்வால் கடற்கரையில் அலைவாங்கி அமைத்து, மார்க்கோனியின் செய்திகளைக் கேட்டு வெளியிட்டார். ஜூன் 4, 1903 அன்று இலண்டன் ராயல் நிறுவனத்தில் ஜான் அம்புரோசு பிளெமிங் விரிவுரையாற்றியபோது, மார்க்கோனி அனுப்பவிருந்த செய்திக்கு முன்பாக மாஸ்கெலினின் கேலிச் சொற்கள் கருவியில் பதிவாயின. பிளெமிங் இதனை நாளிதழில் கண்டித்தார். குறைபாட்டை மக்களுக்குக் காட்டியதே தமது நோக்கம் என மாஸ்கெலின் வாதிட்டார்.

இன்றைய பொருத்தம்

இசைவு ஒரு நிலையத்தைத் தெரிவுசெய்ய உதவுமேயன்றிப் பூட்டாகாது. வை-ஃபை வலையமைப்பின் பெயரை மறைப்பதும், குறிப்பிட்ட கருவி முகவரிகளை மட்டும் அனுமதிப்பதும் இத்தகையனவே. அப்பெயரும் முகவரிகளும் அலைகளில் வெளிப்படையாகச் செல்கின்றன. எனவே 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 ஆகிய முறைகள் கடவுச்சொல்லால் நுழைவைக் கட்டுப்படுத்தி, தரவை மறையாக்கம் செய்கின்றன. வேண்டுமென்றே செய்யப்படும் அலைக்குறுக்கீட்டை மறையாக்கமும் தடுப்பதில்லை.

இறுதிக்காலம்

1923 இல் பாசிசக் கட்சியில் சேர்ந்த மார்க்கோனி, 1930 இல் இத்தாலிய அரச கழகத்தின் தலைவரானார். 1937 இல் உரோமில் காலமானார். அவருக்கு அஞ்சலியாக வானொலி நிலையங்கள் 2 நிமிடங்கள் ஒலிபரப்பை நிறுத்தின.