பாட்டை வாங்கி நாட்டுக்குக் கொடுத்தவர்

ஏ.வி.எம். என்னும் மூன்றெழுத்தைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் நெஞ்சில் தோன்றுவது திரைப்படமே. 'நாம் இருவர்', 'வாழ்க்கை', 'அந்த நாள்' முதலிய படங்களை ஆக்கியளித்த ஆவிச்சி மெய்யப்பச் செட்டியாருக்குத் திரைப்படம் இரண்டாவது வாழ்வு; முதல் வாழ்வு இசைத்தட்டு வாணிகத்தில் கழிந்தது என்பதைப் பலர் அறியார். பாடகர் ஒருவர், அல்லது ஓர் இசைக்குழு, இசைத்தட்டுக் கம்பெனியின் வாயிலை எவ்வாறு அடைவது? அடைந்த பின்னர் அந்தப் பாட்டு யாருடைய சொத்து? இவ்விரு வினாக்களுக்கும் அப்பெரியாரின் வரலாற்றிலே விடை கிடைக்கின்றது. ஆதலின் அவ்வரலாற்றை அந்நோக்குடன் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

செட்டிநாட்டுக் காரைக்குடியில் 1907 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் மெய்யப்பர் பிறந்தார். பர்மாவிலும் மலாயாவிலும் நம் இலங்கையிலும் கிடங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் மரபு அவருடையது. எனினும் தந்தையார் ஆவிச்சி செட்டியார் ஊரிலேயே ஏ.வி. அண்டு சன்ஸ் என்னும் கடையை நடத்தி வந்தார். அக்கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. இளம் பருவத்திலேயே மெய்யப்பர் தந்தையின் கடைக்கு உதவியாக வந்து சேர்ந்தார்.

கல்லாவில் அமர்ந்து தட்டு விற்பவனுக்குக் கிடைக்கும் கல்வி தனிப்பட்டது. வருவோர் எந்தப் பாடகரின் பெயரைச் சொல்லிக் கேட்கின்றனர், எதனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கின்றனர் என்பன தொலைவில் அமர்ந்திருக்கும் பெருங்கம்பெனிக்காரர் அறியாதவை. பிறர் ஆக்கிய தட்டை வாங்கி விற்பதைவிட, நாமே பாடகரைத் தேர்ந்து தட்டு வெளியிடுதல் நன்று என்னும் எண்ணம் அவ்விளைஞர்க்கு உண்டாயிற்று.

அக்காலத்தில் இசைத்தட்டுத் தொழில் இருந்த நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். 1902 ஆம் ஆண்டு கல்கத்தாவில் கவுகர் ஜான் என்னும் இசையரசியார் ஒரு பெரிய ஊதுகுழலின் முன் பாட, வெள்ளைக்காரர் அதனை மெழுகில் பதிவு செய்தனர். இந்திய இசைத்தட்டு வரலாற்றின் தொடக்கம் அதுவே. பின்னர் 1920களின் நடுவிலே மின்சார ஒலிவாங்கி வந்தது. மெல்லிய குரலுக்கும் தட்டில் இடம் கிடைத்தது. தட்டு அரக்குக் கலவையால் ஆனது. நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சிறிது மேற்பட்ட பாட்டே அடங்கும். 1931 இல் இங்கிலாந்தின் பெருங்கம்பெனிகள் இரண்டு ஒன்றாக இணைந்தமையால் தட்டு அச்சிடும் ஆற்றல் பெரும்பாலும் ஒரே கையில் குவிந்தது. இத்தகைய காட்டில் ஒரு சிறுவணிகர் நுழைவது எளிதன்று.

1930களின் தொடக்கத்தில் மெய்யப்பர் சென்னைக்குச் சென்று, நண்பர் சிலரைக் கூட்டாகக் கொண்டு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தார். ஜெர்மானியப் பெயர் பெற்ற ஓடியன் தட்டுகளைத் தென்னாட்டில் வெளியிடும் பொறுப்பை அந்நிலையம் ஏற்றது. இங்கே ஒரு நுட்பம் காண்க. கருவியும் அச்சும் பிறருடையவை. எவரைப் பாட வைப்பது, எப்பாட்டை எடுப்பது, எங்கே விற்பது என்னும் தீர்ப்பு மட்டும் மண்ணின் மைந்தருடையது. சிறு நிலையம் பெருங்கம்பெனியின் முன் நிற்பதற்கு வேண்டிய வலிமை இத்தீர்ப்பிலேதான் இருந்தது. இன்றும் தனித்து நிற்கும் இசை நிறுவனங்களின் உயிர்நிலை இதுவே.

அந்நாளில் தென்னாட்டுப் பாடகர் இசைத்தட்டு வாயிலை அடைந்த வழிகள் மூன்று. நாடகமேடை ஒன்று; சபைக் கச்சேரி மற்றொன்று; கோயில் திருவிழா மூன்றாவது. செங்கோட்டைக் கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் மேடையிலே மக்களை ஈர்த்த பின்னரே தட்டிலே புகழ் பெற்றனர். நாகசுர வித்துவான்கள் வீதியுலாவில் விடிய விடிய வாசித்துப் பெற்ற பெயரையே தட்டுக்குக் கொண்டு வந்தனர். கம்பெனி பாடகரைப் படைப்பதில்லை. ஊர் அறிந்த குரலையே அது உலகறியச் செய்கின்றது. கூட்டமில்லாத மேடையிலிருந்து கம்பெனிக்குச் சென்றவர் அரியர்.

மற்றொரு தகுதியும் வேண்டப்பட்டது. ஒரு மணி நேரம் இராகம் பாடவல்லவர், அவ்விராகத்தின் சாரத்தை மூன்று நிமிடத்தில் பிழிந்து தருதல் வேண்டும். எங்கே தொடங்குவது, எதை விடுவது, எவ்விடத்தில் முடிப்பது என்று முன்னரே துணியாதவர் ஒலிவாங்கியின் முன் தடுமாறினர். பக்க வாத்தியக்காரரும் அவ்வளவையறிந்து நிற்க வேண்டும். மெழுகிற் பதிந்த பிழையைத் திருத்த இயலாது. முழுப் பாட்டையும் மீளப் பாடுதலே வழி. ஆகவே ஒத்திகை பலமுறை பார்த்து வந்த குழுவினரையே கம்பெனியார் விரும்பினர்.

தட்டுத் தொழிலில் காலூன்றிய மெய்யப்பர், பேசும்படம் பிறந்ததும் அதிலும் இறங்கினார். 1935 இல் வெளிவந்த 'அல்லி அர்ஜுனா'வும், அடுத்து வந்த 'ரத்னாவளி'யும் தோல்வியுற்றன. பிறர் எனின் அவ்வளவில் ஊருக்குத் திரும்பியிருப்பர். அவரோ மீண்டும் கூட்டுச் சேர்ந்து 1938 இல் 'நந்தகுமார்' என்னும் படத்தை எடுத்தார். சிறுவன் டி. ஆர். மகாலிங்கத்தைக் கண்ணனாக நடிக்க வைத்தது அப்படமே. அதிலே நடித்த ஓர் அம்மையாரின் குரல் மனத்துக்கு ஒவ்வாமையால், லலிதா வெங்கட்ராமன் என்னும் பாடகியாரின் குரலைப் பொருத்தினார். தமிழ்ப்படத்தில் பின்னணிப் பாடல் தொடங்கிய வரலாற்றை எழுதுவோர் இதனையே முதலிற் குறிப்பர். 1945 இல் 'ஸ்ரீவள்ளி' ஆக்கப்பட்ட பின்னரும் கதாநாயகியின் பாடல்களை நீக்கி, பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். படத்தை முடித்த பின்பும் செவிக்கு ஒவ்வாததை ஏற்காத இவ்வியல்பு, தட்டுக்கடையிலே பழகிய காது அளித்த கொடை என்றே யான் கருதுகின்றேன்.

1945 அக்டோபர் 14 ஆம் நாள் ஏ.வி.எம். நிறுவனம் தோன்றிற்று. காரைக்குடியில் அமைந்த படப்பிடிப்பு நிலையத்தில் 'நாம் இருவர்' உருவாகி, இந்தியா விடுதலை பெறுதற்குச் சில திங்கள் முன்னர் 1947 இல் வெளிவந்தது. அதிலே டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. இனிக் கூறப்போவதே இவ்வரலாற்றின் நடுநாயகமான பகுதி.

பாரதியார் 1921 இல் மறைந்தார். அவருடைய நூல்களின் உரிமை காலப்போக்கில் அவர்தம் தம்பியார் விசுவநாத ஐயரிடம் சேர்ந்தது. அச்சிடும் உரிமை அவரிடம் நிற்க, பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மட்டும் தனியே பிரிந்து மேத்தா என்னும் வணிகரிடம் சென்றது. அவரிடமிருந்து மெய்யப்பர் அதனை விலைகொடுத்து வாங்கினார். எழுத்தின் உரிமை வேறு, ஒலியின் உரிமை வேறு என்பதைத் தமிழ்நாட்டார் பலர் கனவிலும் எண்ணியிராத காலம் அது. தட்டு வணிகராதலின் மெய்யப்பர் அதனை நன்கு உணர்ந்திருந்தார்.

1948 இல் டி. கே. எஸ். சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாட்டொன்றைச் சேர்த்தனர். ஒலியுரிமை தம்முடையது என்று மெய்யப்பர் சட்ட வழியில் அதனைத் தடுக்க முற்பட்டார். நாடு கொதித்தது. விடுதலைக்காகப் பாடிய கவியின் பாட்டைத் தனியொருவர் பூட்டி வைப்பதா என்று எழுத்தாளரும் கலைஞரும் கேட்டனர். பாரதியாரை நாட்டுடைமையாக்குக என்று கிளர்ச்சி எழுந்தது. சட்டம் மெய்யப்பரின் பக்கம். மக்கள் மனம் எதிர்ப்பக்கம். நேர்மையாக விலைகொடுத்து வாங்கிய பொருளைத் தம்முடையது என்று சொன்னது குற்றமாகாது. ஆயினும் பாரதியார் பாட்டு அவ்வாறு பிடித்து வைக்கத்தக்க பொருளோ என்னும் கேள்வியும் பொய்யாகாது.

1949 இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசாங்கம் பாரதியார் நூல்களின் உரிமையை ஏற்க முன்வந்தபோது, மெய்யப்பச் செட்டியார் தம் ஒலியுரிமையை ஒரு காசும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். வாங்கிய விலையைத் திருப்பிக் கேட்டிருந்தாலும் பழிப்பார் இலர். அவர் கேட்கவில்லை. பாரதியார் பாட்டு பின்னர் எல்லாருக்கும் உரியதாயிற்று. வழக்கிலே வெல்லக்கூடிய நிலையில் நின்றவர் கொடுத்தமையால், அக்கொடை பெருங்கொடை. உலக இலக்கியத்தில் ஒரு கவிஞரின் ஆக்கம் முழுவதும் இவ்வாறு நாட்டுடைமையானது அரிய நிகழ்ச்சி என்று ஆராய்ச்சியாளர் கூறுவர்.

அதன் பயன் வன்னிக்கும் வந்தது. திருமண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் மரக்கிளையிற் கட்டிய ஒலிபெருக்கி வழியே பாரதியார் பாட்டை யாம் கேட்டோம். பள்ளிக்கூடக் கலைவிழாவில் யாரிடமும் இசைவு கேளாமல் மாணவரைப் பாடப் பழக்கினோம். மறுபுறத்தே எம் மண்ணின் பாட்டுக்கு நேர்ந்ததையும் கூறவேண்டும். முல்லைமோடியிற் பாடப்படும் கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலையொட்டிய பாடல்கள், அரிவி வெட்டுக் காலப் பாடல்கள் ஆகியவை அண்ணாவிமார் நெஞ்சிலும் சில ஒலிநாடாக்களிலுமே வாழ்ந்தன. 2009 இன் தொடக்கத்தில் உடையார்கட்டு எறிகணைகளுக்கு நடுவே சிக்கி, சனம் யாவும் கையில் அகப்பட்டதுடன் கிழக்கே நடந்தபோது, நாடாக்களை எடுத்துச் சென்றார் எத்தனை பேர்? பதிவாகாத பாட்டு பாடுவாருடனேயே போய்விடும். ஆகவே பதிவு செய்தல் பெருமைக்குரிய செயல் மாத்திரமன்று, காப்பும் ஆகும்.

இன்று எம் ஊர்களில் இளைஞர் இசைக்குழுக்கள் மீண்டும் தோன்றியுள்ளன. கொழும்பிலும் சென்னையிலும் கனடாவிலும் உள்ள தனி இசை நிறுவனங்கள் தம்மை ஏற்குமா என்பதே அவர்களின் ஏக்கம். மெய்யப்பர் காலத்து நெறிகள் அவர்களுக்கும் பொருந்துவன. முதலாவது, ஊர் மேடையில் பெயர் பெறுதல். இரண்டாவது, நிறுவனத்தார் கேட்பதற்கு இசையும் சிறிய நேரத்துள் தம் முழுத்திறமும் விளங்கும்படி இரண்டு மூன்று பாடல்களைத் தெளிவாகப் பதிந்து வைத்தல். மூன்றாவது, அந்நிறுவனம் இதற்கு முன் வெளியிட்டவற்றைக் கேட்டு, தம் பாட்டு அங்கே பொருந்துமா என்று ஆராய்ந்த பின்னர் அனுப்புதல். நாகசுரக்காரர் நாடகக் கொட்டகையில் வேலை தேடுவதால் இருவர்க்கும் பயனில்லை.

நான்காவது நெறி யாவற்றினும் தலையாயது. ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமுன் சொல் சொல்லாக வாசித்தல் வேண்டும். பாட்டெழுதியவர் உரிமை, இசையமைத்தவர் உரிமை, பாடியவர் உரிமை, பதிவு செய்த ஒலியின் உரிமை என்பன வெவ்வேறானவை. ஒருமுறைப் பணம் பெற்று யாவற்றையும் விற்பதோ, விற்பனையில் வீதம் பெறுவதோ, எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்பனவோ எழுத்தில் இருத்தல் வேண்டும். நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோனின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டும் பதிப்புரிமையைக் காக்கின்றது. அத்துணை நீண்ட சொத்தை ஒரு மாலைப்பொழுதின் மகிழ்ச்சியில் எழுதிக் கொடுத்தல் அறிவுடைமையன்று. மாஜா என்னும் தனி நிறுவனம் 2021 இல் வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. அதன் வருவாய் பற்றி இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 இல் பொதுவில் வினா எழுப்பினார். புகழ் வந்த பின்னரும் உரிமைக் கேள்வி தீர்வதில்லை என்பதற்கு இதுவொன்றே போதும்.

மெய்யப்பச் செட்டியார் 1979 ஆகஸ்ட் 12 ஆம் நாள் மறைந்தார். அவர் பாடகரல்லர்; கவிஞருமல்லர்; கணக்குப் பார்த்து வாழ்ந்த வணிகர். எனினும் உரிமையின் விலையை அவரைப்போல் அறிந்தவர் அக்காலத்தில் சிலரே. அறிந்தமையாலேயே வாங்கினார், அறிந்தும் கொடுத்தார். தம் பாட்டின் விலையை அறியாது எழுதிக் கொடுப்பவன் கொடையாளி ஆகான், இழந்தவனே ஆவான். எம் பிள்ளைகள் முதலில் அறியட்டும். பின்னர் விற்கட்டும், அல்லது மனமுவந்து கொடுக்கட்டும்.