கணக்கெடுத்தவர்களின் சாட்சியம்

ரேச்சல் கார்சன் என்றதும் பூச்சிக்கொல்லிகளின் தீமையை உலகுக்கு உணர்த்திய 'மௌன வசந்தம்' நூலே பலருக்கும் நினைவுக்கு வரும். நானும் நெடுங்காலம் அவரை அந்த ஒரு நூலின் ஆசிரியராகவே அறிந்திருந்தேன். அவரது வாழ்க்கை வரலாற்றை நிதானமாகப் படித்த பின்னரே, அந்த நூலின் வேர் அரசு மீன்வளத் துறையில் அவர் பணியாற்றிய ஆண்டுகளில் இருப்பதை உணர்ந்தேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907-இல் கார்சன் பிறந்தார். 1929-இல் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் கழித்த கோடைக்காலம் அவரைக் கடலோடு பிணைத்தது. 1932-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பொருளாதாரப் பெருமந்தக் காலமாதலால் முனைவர் பட்டப் படிப்பைத் தொடர இயலவில்லை. 1935-இல் தந்தை மறைய, குடும்பச் சுமை அவர் தோளில் விழுந்தது. மீன்வளத் துறைக்கு வானொலி உரைகள் எழுதத் தொடங்கியவர், 1936-இல் அங்கேயே உயிரியலாளராகப் பணியமர்ந்தார்.

நாள்தோறும் வலைவீசி ஆய்வு செய்தவர் அல்லர் கார்சன். கடலிலும் கரையிலும் மற்றவர்கள் திரட்டிய கணக்குகளைப் படித்து, அறிக்கைகளைச் செம்மைப்படுத்தி, எளிய மொழியில் மக்களிடம் சேர்ப்பதே அவரது பணி. 1949-இல் அத்துறை வெளியீடுகளின் தலைமைப் பதிப்பாசிரியரானார். அதே ஆண்டு, மீன்வளத்தை ஆராயும் 'அல்பட்ராஸ் 3' கப்பலில் ஜார்ஜஸ் பேங்க் மீன்பிடிப் பகுதிக்குச் சென்றார். அதுவரை பெண்களை ஏற்றியிராத அக்கப்பலில், துணைக்கு மற்றொரு பெண்ணையும் அழைத்துக்கொண்டே அவரால் செல்ல முடிந்தது. 1951-இல் வெளியான கடல் பற்றிய நூல் பெரும்புகழ் தேடித்தர, மறு ஆண்டு அரசுப் பணியிலிருந்து விலகினார்.

டிடிடி பற்றி எழுத 1945-இலேயே அவர் ஓர் இதழை அணுகியதுண்டு. அவ்விதழ் ஆர்வம் காட்டவில்லை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் 'மௌன வசந்தம்' வெளிவந்தபோது, அதில் என்னை மிகவும் பாதித்தது கனடாவின் மிராமிச்சி ஆற்றின் கதை. ஊசியிலைக் காடுகளை அழிக்கும் புழுக்களைக் கொல்ல, 1954-இல் விமானங்கள் அங்கே டிடிடியைத் தெளித்தன. மருந்து படிந்த ஓடைகளில் அவ்வாண்டு பிறந்த சால்மன் குஞ்சுகளில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

இது எப்படித் தெரிந்தது? கனடாவின் மீன்வள ஆய்வாளர்கள் 1950 முதலே ஆண்டுதோறும் அந்த ஆற்றின் மீன்களைக் கணக்கெடுத்து வந்தார்கள். நச்சு வரப்போவதை அறிந்து அவர்கள் அதைத் தொடங்கவில்லை. ஆனால், முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததால்தான் இழப்பின் அளவை எவராலும் மறுக்க முடியவில்லை. அத்தகைய அட்டவணைகளின் மதிப்பைப் பதினாறு ஆண்டுகள் மீன்வளத் துறை மேசையில் கற்றவர் கார்சன்.

ரசாயன நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. புற்றுநோயின் வேதனையிலும் 1963-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14 அன்று, 56-ஆம் வயதில் மறைந்தார். 1972-இல் அமெரிக்கா டிடிடி பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்தது.

கடலையும் ஆற்றையும் ஆண்டுதோறும் அளப்பது உடனடிப் பலன் தராத செலவாக ஆட்சியாளர்களுக்குத் தோன்றலாம். பேரிடர் நேர்ந்த பின் எண்ணத் தொடங்கினால் எதை இழந்தோம் என்றே நமக்குத் தெரியாது. கார்சனைப் போற்றும் நாம், அவருக்குச் சான்றுகளைத் தந்த பெயர் தெரியாத கணக்கெடுப்பாளர்களையும் போற்ற வேண்டும். அவர்களின் பணி ஓராண்டும் தடைபடாமல் காக்க வேண்டும்.