இராக்லாண்டு ஐயர்

சிவகாசி என்ற அளவில் வேட்டும், மத்தாப்பும், தீப்பெட்டியுமே நம் நினைவிற்கு வரும். அத்தொழில்கள் அங்கு வேரூன்றியது 1923ம் ஆண்டு முதற்கொண்டேயாம். அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகட்கு முன், 1858ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ந் தேதி, அவ்வூரில் ஆங்கிலேயர் ஒருவர் உயிர் நீத்தார். அவரே தாமஸ் கஜெட்டன் இராக்லாண்டு ஐயர். இக்காலத்தே சபைகளினின்று கடல் கடந்து ஊழியஞ் செய்யப் புறப்படுவோர் கடவுச்சீட்டும், மருந்துப் பெட்டியும், சில வாரப் பயிற்சியுமே போதிய ஆயத்தம் என எண்ணுகின்றனர். இராக்லாண்டு ஐயரோ தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை ஆயத்தத்திலேயே கழித்தவர்.

அவர் 1815ம் ஆண்டில் ஜிப்ரால்டரிற் பிறந்தார். லிவர்ப்பூல் நகரில் வணிகராயிருந்த உறவினர் ஆதரவில் வளர்ந்து, அவரது கணக்குச் சாலையிலேயே சில ஆண்டுகள் எழுத்து வேலை பார்த்தார். அதன் பின்னரே கேம்பிரிட்ஜ் சென்று, 1841ம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காவதாகத் தேறினார். அவர் பயின்ற கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அங்கேயே அமைதியாக மூப்பெய்தியிருக்கலாம். அவ்வாறிராது, சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சார்ந்து 1846ம் ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார்.

வந்தவர்க்குக் கிடைத்தது மீண்டும் மேசையே! தென்னிந்திய வேலைக்குச் செயலாளராக அமர்ந்து, கடிதங்களும் வரவுசெலவுகளும் பார்க்க வேண்டியதாயிற்று. பிறந்தது முதல் தமிழ் பேசி வரும் நமக்கே தொல்காப்பியம் இடர் விளைக்கின்றது. முப்பது வயதிற்கு மேல், அலுவலுக்கிடையே தமிழ் கற்பார் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அக்காலம் வீணே கழிந்ததென்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் சபைகள் செழித்திருப்பதையும், வடபகுதியோ ஏறக்குறைய வெறுமையாய்க் கிடப்பதையும் அவருக்குக் காட்டியது அந்தச் செயலாளர் பதவியன்றோ?

விருதுநகர் அக்காலத்தே விருதுப்பட்டி. சிவகாசி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. இருப்புப்பாதை அப்பக்கம் எட்டவில்லை. எங்கும் பருத்தி விளையும் கரிசல். மழை பெய்யின் வண்டிச் சக்கரம் சேற்றிற் புதைந்து அசையாது. இந்நிலத்தில் 1854ம் ஆண்டு, டேவிட் பென், மெடோஸ் என்னும் இரு இளைஞருடன் அவர் தம் சுற்றுப்பிரயாண ஊழியத்தைத் தொடங்கினார். பங்களாவும் பள்ளிக்கூடமும் எழுப்பி ஊராரைத் தம்பால் வரவழைப்பதே பழைய வழக்கம். அவரோ கூடாரமடித்து, அண்டையிலுள்ள சிற்றூர்களையெல்லாம் கண்டபின் அதனைப் பெயர்த்து அப்பாற் செல்வார்.

இம்முயற்சியில் என் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது வேறொன்று. தென்பகுதிச் சபையார் தம் சொந்தக் காணிக்கையால் உபதேசிமாரை முறை வைத்து மாதந்தோறும் வடக்கே அனுப்பினர். ஒரு மாதம் உழைத்து அவர்கள் ஊர் திரும்ப, வேறு சிலர் வருவர். கணிதத்தில் நான்காவதாய்த் தேறிய அறிஞர், பனங்காட்டினின்று வந்த உபதேசியாருடன் தெருத்தெருவாய்ச் சென்றார். பேச்சில் அவர்களே வல்லவர். இவர் அதனை நன்குணர்ந்திருந்தார். இத்தாழ்மையை எந்தப் பயிற்சி வகுப்பு கற்பிக்கும்! தெற்கத்தியாருக்கோ, கடல் கடவாமலே அயலூர்ப் பணிக்குச் செல்லும் பழக்கம் அன்றே உண்டாயிற்று.

கண்ட பலனோ மிகச் சிறிது. நுரையீரல் நெடுநாளாய் நலிவுற்றிருந்தும் அவர் பிரயாணத்தை நிறுத்தினாரில்லை. நாலரை ஆண்டளவில் இரத்தம் பீறிட்டெழ, நாற்பத்துமூன்றாம் வயதில் சிவகாசியில் மரித்தார். அடக்கமும் அங்கேயே நடந்தது. அவர் சரித்திரத்தை 1861ம் ஆண்டு பெரவுன் என்பவரும், 1922ம் ஆண்டு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் எழுதி வெளியிட்டனர்.

கூடாரங்களைச் சுருட்டி மீளவில்லை எஞ்சிய இருவரும். பென்னும் மெடோஸும் அடுத்த ஊருக்கு வண்டி பூட்டினர்.